கரையில்லாத பக்கம்

நசரத்பேட்டையில் ரைஹானாவின் மாடிப் பட்டறையில், தறியின் முன்னால் குல்ஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பளத்தின் இடப்பக்கம் சிவப்புக் கரை ஏறிக்கொண்டே போகிறது. வலப்பக்கம் கரையே கிடையாது, சாம்பல் நிறம் ஓரம் வரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. ரைஹானா வரைந்து கொடுத்த புது டிசைன் அது. நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர, பாவு நூல்களில் வெயில் நடுங்குகிறது. விரல்கள் முடிச்சுப் போடுகின்றன, கத்தி அறுக்கிறது, மறுபடி முடிச்சு, மறுபடி கத்தி. பின்னால் வந்து நின்ற ரைஹானா சட்டென்று குனிகிறாள். வலது ஓரத்தில் மூன்று சிவப்பு முடிச்சுகள். "இன்னா குல்ஷன், இங்க எதுக்கு செவப்பு?" குல்ஷனே இப்போதுதான் பார்க்கிறாள். "ஐயோ, நான் போடலக்கா. கை போட்டுகீது." "நாளைக்கு தறியிலேர்ந்து எறக்கணும்மா. தொறந்து கெடக்கறதுதான் இதுக்கு அழகே." "எனக்கு கதவ சாத்தாம படுத்த மாரி கீதுக்கா." ரைஹானா கொக்கியை எடுத்து நீட்டுகிறாள். குல்ஷன் கொக்கியால் மூன்றையும் பிடுங்குகிறாள். சிவப்புப் பிசிறுகள் மடியில் உதிர்கின்றன. சாம்பல் நூலுக்காக, தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுகிறாள். முடிச்சு விழுகிறது, கத்தி அறுக்கிறது. ரைஹானா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டுத்தான் குல்ஷன் பார்க்கிறாள். சிவப்பு.