ரோசம்மாளின் எச்சில்

முந்திரி ஆலைப் புகையில் முப்பது வருடம் நின்ற ஞானசிகாமணிக்கு நுரையீரலில் புற்று. மரபணு ஒத்துவந்தால்தான் புற்றை அடக்கும் ஊசி என்று சொல்லி, எச்சில் பிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு குழாய் கொடுத்தார்கள். சீக்காளியின் எச்சில் என்றால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, அதே ஆலையில் வேலை செய்யும் மனைவி ரோசம்மாள் தன் எச்சிலைத் துப்பிக் கொடுத்தாள்.

ஊசி கேட்காத உடம்பு என்று முடிவு வந்தது.

ஆறு மாதம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியவள், கடைசியில் நர்ஸிடம் உண்மையைச் சொன்னாள். மறுசோதனையில் அவருடைய மரபணு அச்சாக ஒத்துவந்தது. ஆனால் ஊசியைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

எல்லாவற்றையும் சொல்லிக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவளின் தலையில் அவர் கை வைத்தார்.

"அப்போ ஊசி கேக்காதது ஒனக்குத்தான," என்றார் மூச்சு வாங்க. "நாளைலேருந்து நீ ஆலைக்குப் போவாண்டாம்."