வாயில்லாப் பூச்சி

“அந்தப் பொண்ணுக்கு இப்படிப் பேச யாருய்யா கத்துக் கொடுத்தது?”

முதலாளி கேட்ட கேள்விக்கு மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“பசை ஒட்டுற பிரிவு சார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிஞ்சுக்குவா. வாயில்லாப் பூச்சின்னுதான் அவளுக்கு இங்க பேரே.”

“பூச்சியாம் பூச்சி! கொட்டிட்டுல்ல போகுது!”

நடந்தது இவ்வளவுதான். அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் வேலை நடக்கும் கூடத்துக்கு இரண்டு கதவுகள். சரக்கு திருட்டுப் போகிறது என்று பின்கதவை வெளிப்பக்கமாகப் பூட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. போன மாதம் மெஷினில் ஒயர் கருகிக் கூடம் முழுக்கப் புகை. அத்தனை பெண்களும் முன்கதவில் முண்டியடித்ததில் ஒருத்திக்குக் கை முறிந்துவிட்டது.

அதைப் பற்றிப் பேச வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்ததுதான். வழக்கமாக நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஒருத்தி அழுவாள், ‘பார்க்கலாம் போங்க’ என்றால் கலைந்துவிடுவார்கள். அந்த ‘பார்க்கலாம்’ இன்றைக்கும் அவர் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

வந்தவளோ ஒருத்திதான். கத்தவில்லை, அழவில்லை. அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் குறுக்கே பாய்ந்தபோதெல்லாம் அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசியில், ‘யோசிச்சு நாளைக்குக் காலையில சொல்லுங்க சார்’ என்று அவருக்கே கெடு வைத்துவிட்டுப் போனாள். முதலாளிக்கு அதுதான் தாங்கவில்லை.

“விசாரிச்சேன் சார்,” என்றார் மேனேஜர். “நூலகத்து மாடியில சனிக்கிழமை தோறும் பேச்சு கிளப்னு ஒண்ணு நடக்குதாம். யார் வேணும்னாலும் போகலாம். ஒருத்தர் பேசுவார், இன்னொருத்தர் எழுந்து அதுல நல்லது எது, சொதப்பல் எதுன்னு சொல்லணும். முதல் நாள் தன் பேரைச் சொல்றதுக்குள்ள இவ மயங்கி விழப் பார்த்தாளாம். இப்ப அந்த கிளப்புக்கே இவதான் செயலாளராம் சார்.”

“கத்துக் கொடுத்தது யாரு? அதைச் சொல்லு.”

“புதுசா வர்றவங்களுக்குப் பழைய ஆள் ஒருத்தரைத் துணையாப் போடுவாங்களாம். இவளுக்குத் துணை யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க.”

“அப்ப நம்ம உப்பைத் தின்னவங்களாத்தான் இருக்கும். இவளை நாளைக்கே கணக்கு முடிச்சு அனுப்பு. அந்தத் துணை யாருன்னும் கண்டுபிடி.”

“பின்கதவு சார்?”

“பூட்டினது பூட்டினபடியே கிடக்கட்டும்.”

வீட்டுக்கு வந்தும் அவருக்குப் பொருமல் அடங்கவில்லை. கம்பெனி விஷயத்தை மனைவியிடம் அவர் பேசுவதே கிடையாது. பேசினாலும் அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று ஒரு எண்ணம். இன்றைக்கு யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தது.

“பசை ஒட்டுற பொண்ணு ஒருத்தி, என் அறைக்கே வந்து எனக்குப் பாடம் நடத்திட்டுப் போறா. பின்கதவைத் திறந்து வைக்கணுமாம்!”

“உங்க முகத்தைப் பார்த்துப் பேசினாளா?” என்று கேட்டபடி மனைவி அவர் தட்டில் சாதம் வைத்தாள்.

“பின்னே? கண்ணைக்கூடச் சிமிட்டலை. என்ன தைரியம்!”

“நீங்க சும்மாவா இருந்தீங்க?”

“நானா? காது கிழியக் கத்தினேன்.”

“தடுமாறினாளா?”

“தடுமாறியிருந்தா நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன்! நாளைக்குப் பாரு, அவளையும் அவளுக்குக் கத்துக் கொடுத்தவங்களையும் சேர்த்தே வெளியே தள்ளறேன்.”

மனைவி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கை முறிஞ்ச பொண்ணைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தினாளா, இல்ல கடகடன்னு ஒப்பிச்சுட்டாளா?”

“நிறுத்தினா, நிறுத்தினா. அந்த இடத்துல எனக்கே ஒரு மாதிரி...”

முதலாளி பாதியில் நிறுத்தினார். கை முறிந்ததைப் பற்றி அவர் வீட்டில் மூச்சுகூட விட்டதில்லை.

“உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒத்திகையில எப்பவும் அந்த இடத்துலதான் அவசரப்படுவா. நான் நீங்களா உட்கார்ந்துக்கிட்டு, உங்களை மாதிரியே குறுக்கே குறுக்கே கத்துவேன். பாவம், முதல் ரெண்டு வாரம் அழுதுட்டா.”

“நீ அந்த கிளப்புக்கு எதுக்குடி போன?”

“உங்ககிட்ட ஒரு பேச்சையாவது முழுசா பேசி முடிக்கணும்னுதான்,” என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல், அவர் கண்ணைப் பார்த்து. “கதவைத் திறக்கிறேன்னு சொல்ல உங்களுக்குச் சட்டுனு வாய் வராது. சாப்பிட்டுட்டு எழுந்து வாங்க, என் முன்னாடி நின்னு ஒரு தடவை சொல்லிப் பழகிக்கலாம்.”