டார்பியின் பச்சைச் சட்டை

கேலிக் கால்பந்தில், தலைக்கு மேலே வரும் பந்தைக் கையால் பிடிப்பதில் டார்பிக்கு ஈடாக அயர்லாந்தின் கெர்ரியில் ஆள் கிடையாது. அணிக்கு இருபத்தொரு பேர் ஆடிய காலத்தில் தொடங்கியவன். அதைப் பதினேழாகக் குறைத்தபோதும் அவன் இடம் அசையவில்லை. போன குளிர்காலத்தில் மார்ச்சளி கண்டு இறந்தான். அண்ணி ஹனோராதான் அவனுடைய ஆட்டச் சட்டையின் முழங்கைக் கிழிசலை நீல நூலால் தைத்து, அவனுக்குப் போட்டுவிட்டுச் சவப்பெட்டியில் கிடத்தினாள்.

அணியின் சட்டைகளைத் துவைப்பதும் அவள்தான். இந்தத் திங்கட்கிழமை முட்புதர்மேல் காயப்போட்டபோது பதினெட்டு இருந்தன. கடைசிச் சட்டையின் முழங்கையில் நீல நூல்.

அவள் கணவன் மொரிஸ்தான் அணித்தலைவன். தையலைத் தடவிப் பார்த்தான்.

“நேத்து ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் கை கோத்து நின்னோம்ல? வரிசைக் கடைசியில நான்தான். ஆனா என் இடது கையையும் யாரோ பிடிச்சிருந்தாங்க, ஹனோரா. ஜில்லுன்னு இருந்துச்சு.”

“அதான் ஜெயிச்சுட்டு வந்தீங்களாக்கும்!”

“ஃபாதர்கிட்ட சொல்லி ஒரு பூசை வெச்சுடலாமா?”

“வெச்சா அடங்கிடுவான். வர்ற ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல உங்கப்பாவா வந்து பந்து பிடிப்பாரு? முடியட்டும், அப்புறம் வெக்கலாம்.”

மொரிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுவும் சரிதான்.”

நூல் விட்டிருந்த இடத்தில் இரண்டு தையல் போட்டுச் சட்டையை மறுபடி விரித்தாள். காற்றே இல்லை. மற்ற சட்டைகள் புதரோடு ஒட்டிக் கிடந்தன. அந்த ஒன்றின் கைகள் மட்டும் மெல்ல எழும்பி, மேலிருந்து வரும் பந்துக்கு ஏந்தி நின்றன.