காலிக் கட்டம்

"பதினாறு பக்கம் இருக்கு. ஒரு இடத்துலகூட என் பேரைக் காணோமே, உமாசங்கர்?"

ஸ்டோர்ஸ் டெபுடி மேனேஜர் அனந்தராமன் புத்தகத்தை மேஜைமேல் போட்டார். பேரைத் தொலைத்ததே தான்தான் என்பதுபோல் கிளார்க் உமாசங்கர் தலையைச் சொறிந்தான்.

அது காலனித் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளுக்காகப் போட்ட படப் புத்தகம். ஹைதராபாத்தில் வளர்கிற குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வருகிறது. அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க, செகந்திராபாதிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வருபவர் ஞானசௌந்தரி டீச்சர். பழைய சீன ஞானி ஒருவர் சொன்ன சொல்லை வைத்துக் கதை கட்டி, ஸ்டென்சிலில் படமும் வரைந்தது அவர்தான். நூறு பிரதிக்கும் வண்ணம் தீட்டியது பிள்ளைகள்.

தாள் கொடுத்தது அனந்தராமன். கம்பெனித் தாள்தான், ஆனால் கையெழுத்து அவருடையது. பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

டீச்சர் தாள் கேட்டு வந்த அன்றைக்கே அவர் கொஞ்சம் இழுத்தார். "சீனாக்காரன் கதையா? ஏதாவது வம்பாயிடப் போறது, டீச்சர்."

"அந்த ஞானி செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, சார்."

செத்தவரால் வம்பு வராது என்று, கதையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. ஜெனரல் மேனேஜர் வரதராஜன் தலைமை. அவரிடம் அனந்தராமன், 'எல்லாம் என் முயற்சிதான் சார், புத்தகத்துல பாருங்கோ' என்று சொல்லியும் ஆகிவிட்டது.

"'அன்பளிப்பு: கே. அனந்தராமன், டெபுடி மேனேஜர்'னு மெஷின்ல சீட்டு அடிச்சு, நூறு புத்தகத்துலயும் ஒட்டிடு."

"எங்க சார் ஒட்டறது? பக்கம் பூரா படமா இருக்கே."

"எங்க காலி இடம் இருக்கோ அங்க ஒட்டேன்யா. இதையெல்லாமா கேட்பே?"

கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுக் காலியாக ஓர் இடம் இருந்தது. உமாசங்கர் அதில் ஒட்டி, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கத்து ஹாலில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் அனந்தராமனின் மனைவி கல்பகம் ஒரு பிரதியை இரண்டு தடவை புரட்டிவிட்டாள்.

"ஏன்னா, உங்க பேர் இருக்குன்னேளே, எங்க?"

அனந்தராமன் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கட்டம் காலி. இன்னொரு பிரதியை எடுத்தார். அதிலும் காலி. தாள் மட்டும் அந்த இடத்தில் நனைந்து காய்ந்தமாதிரி சுருங்கியிருந்தது.

நேற்று இங்கே வகுப்பு நடத்தியது யார்? அவர் நேரே வாசலுக்கு விரைந்தார்.

ஞானசௌந்தரி டீச்சர் வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு என் சீட்டை எடுத்தீங்க? உங்க பேர் மட்டும் ஊருக்கெல்லாம் தெரியணும், தாள் குடுத்தவன் பேர் தெரியக்கூடாது. அப்படித்தானே?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. பெற்றவர்களும் பார்த்தார்கள்.

டீச்சர் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "மேடையில நம்ம பேபி கதையைப் படிக்கறதை ஒரு தடவை கேட்டிருங்க, சார். அப்பவும் ஒட்டணும்னா நானே ஒட்டித் தாரேன்."

மேடையில் எட்டு வயசு பேபி ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துக்கொண்டு படித்தாள். அனந்தராமன் முதல் பதினைந்து பக்கத்தைக் கோபத்தில் கேட்கவே இல்லை. கடைசிப் பக்கம் வந்தது.

"ஏரி வெட்டி முடிந்தது. 'இதை யார் வெட்டினது?' என்று வழிப்போக்கன் கேட்டான். 'நாங்களே வெட்டினோம்' என்றார்கள் ஜனங்கள். அவர்களோடு மண் சுமந்த ராஜா ஓரமாக நின்று சந்தோஷப்பட்டார். அவர் பேர் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. பாருங்கள்."

பேபி காலிக் கட்டத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

ஜெனரல் மேனேஜர் குனிந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. ராஜா பேர்தான் என்ன?"

பேபிக்குத் தமிழ் மறந்துபோயிற்று. யாருக்கும் தெரியாது என்பதைத் தெலுங்கிலேயே சொன்னாள். "எவரிக்கி தெலீது, அங்கிள்."

ஹாலே சிரித்துக் கைதட்டியது. ஜெனரல் மேனேஜர்தான் அதிகம் சிரித்தார்.

அனந்தராமனுக்குக் கை எழவில்லை. அந்தக் கட்டத்தில், டெபுடி மேனேஜர் பட்டத்தோடு தன் பேர். அதைப் பேபி எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால்? இதே சிரிப்பு முழுக்கத் தன் தலையில் அல்லவா விழுந்திருக்கும். கல்பகத்தின் பக்கம் திரும்பவும் தைரியம் வரவில்லை.

அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை டீச்சரின் பேரைத் தேடினார். எழுதினவர் பேர், படம் வரைந்தவர் பேர், எதுவும் இல்லை. வாசலில் கத்தியது நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டம் கலைகிறபோது டீச்சரிடம் போனார். காலையில் வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் பக்கத்திலேயே நின்றார்கள்.

"டீச்சர்... அந்தச் சீட்டு..."

"நான் விசாரிச்சேன், சார்," என்றார் ஞானசௌந்தரி, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "கோந்து சரியில்ல போல. எல்லாம் தானாவே விழுந்திருக்கு. நீங்க கோபப்பட்டது நியாயந்தான்."

சொல்லிவிட்டு, அனந்தராமன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினார். கோந்து காய்ந்து வெளுத்திருந்த விரல்களின் நக இடுக்கில் தாள் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் 'அனந்' வரைக்கும் படிக்க முடிந்தது.