டவர் இல்லாத தீவு

"ஏனுங்க, ஊரு உலகத்துல வேற எடமே இல்லையா? டவர் இல்லாத தீவுக்கா போகோணும்?"

கலைமணி கத்தினாள். கத்தினால்தான் பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய விசைத்தறிகள். எதிர்ச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தறிகள்.

"கப்பல்ல போறோம் புள்ள. பஸ் போகாது" என்றான் சிவபிரகாஷ்.

கேட்டது ஒன்று, பதில் ஒன்று. வேண்டுமென்றே மழுப்புகிறான்!

கல்யாணமான நாளிலிருந்து மேட்டூர் அணையைத் தாண்டிக் கூட்டிப்போகாத மனுசன். திடீரென்று தீவாம். பேரே வாயில் நுழையவில்லை. கடை கிடையாது, வண்டி கிடையாது.

"கோவா போலாமுங்க!"

"அங்க பாட்டுப் போட்டே கொல்லுவாங்க."

"சரி, ஊட்டி?"

"ஒரே ஹாரன்."

கலைமணிக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் பொறி தட்டியது. தினமும் அவள் அம்மாவோடு போனில் பேசுகிறாளே, அது இவனுக்குக் கண்ணை உறுத்துகிறது!

அவன் தறிக்கூடத்துக்குள் போனதும், தெருமுனைக்கு வந்து டிராவல்ஸ்காரனைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, தீவ மாத்திக் கோவா போட்ருங்க."

"அட போங்கக்கா! மொதல்ல சொன்ன தீவுல ஜெனரேட்டர் சத்தம் கேக்கும்னு சொன்னதுக்கே அண்ணன் வேண்டாம்னுட்டாரு. கோவாவுக்கு எங்க வரப்போறாரு?"

அப்போ டவர் காரணம் இல்லையா? தறி ஓட ஓடக் குறட்டை விட்டுத் தூங்குகிற ஆளுக்கு ஜெனரேட்டர் சத்தம் என்ன பண்ணும்? இன்னும் குழம்பிப் போனாள்.

மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தத் தீவுல அப்படி என்னதாங்க இருக்குது?"

அதற்குள் பாப்பா ஓடிவந்து அவன் மடியில் ஏறி, "அப்பா, கப்பல்ல நாய்க்குட்டி வருமா?" என்றாள்.

சிவபிரகாஷ் கலைமணியைப் பார்த்தான்.

"என்ன சொல்றா?"

"மடியில உக்காந்து பேசறா, என்னையக் கேக்கறீங்க?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"காது போயிட்டிருக்குது புள்ள. தறிச் சத்தந்தான்னு டாக்டர் சொன்னாரு. மெசின் வெச்சாலும் இங்க தறிதான் பெருசாக் கேக்குமாம். சத்தமே இல்லாத எடத்துல மட்டும், இன்னும் கொஞ்ச நாளைக்குக் கேக்குமாம்."

"இத ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ கத்துற, உன் பேச்சு அரைகொறையாக் கேட்டுருது. பாப்பா பேசப் பழகி ஒரு வருசமாச்சு. அவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது புள்ள."