டீச்சரின் லேப்டாப்

"என்ன அண்ணாச்சி, திரும்பவுமா?"

சோலைமுத்து பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். தலைமுடியில் பஞ்சு.

"எதையோ அமுக்கிட்டேன் தம்பி. இப்ப உள்ளயே போக மாட்டேங்குது."

செண்பகராஜுக்கு அலுப்பாக வந்தது. கோவில்பட்டியில் எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான். ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்த லேப்டாப் இது ஒன்றுதான்.

அது சோலைமுத்துவின் மனைவி பூங்கொடி டீச்சருடையது. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் அடிப்பார். விண்டோஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற உபுண்டு லினக்ஸைப் போடச் சொல்லிப் போன மாதம் ஒற்றைக்காலில் நின்றார் இந்த மனுஷன். டீச்சரை இந்தப் பக்கம் பார்த்தே ரெண்டு மாதமாகிறது.

"அன்னைக்கே சொன்னேம்லா? ஊரே விண்டோஸ்ல ஓடுது. உங்களுக்கு மட்டும் எதுக்கு லினக்ஸ்?"

சோலைமுத்து தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"டீச்சர் இதைத் தொடுதாவளா?"

"இல்ல. இப்போதைக்கு நான்தான்."

"அவிய மிஷினைப் புடுங்கி வச்சு விளையாடுதீங்களாக்கும்? அவிய வேலையெல்லாம் என்ன ஆவுறது?"

பிரிண்டருக்கு மை வாங்க வந்திருந்தவர் சிரித்தார். சோலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

முணுமுணுத்துக்கொண்டே உபுண்டுவை மறுபடி ஏற்ற சிடியைப் போட்டான் செண்பகராஜ். முடிய ஒரு மணி நேரமாயிற்று. சோலைமுத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்து தூக்கத்தில் சாமியாடினார். தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"இந்தாங்க. என்னதான் செய்யுதீங்கன்னு என் முன்னால செஞ்சு காட்டுங்க. இல்லன்னா இனிமே இதைக் கொண்டுட்டு வராதீங்க."

சோலைமுத்து தயங்கினார். பிறகு எங்கோ தேடிப் போய் எதையோ டிக் செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

விரல்கள் கீபோர்டைத் தடவின. தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தாக லேப்டாப் வாய்விட்டுச் சொன்னது. தப்பாகத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். கழுத்தில் வியர்வை இறங்கியது.

"என்ன அண்ணாச்சி இது?"

"அவளுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது தம்பி. இனி மருந்து இல்லன்னு மதுரையில சொல்லிட்டாவ. அங்கன ஒருத்தர்தான் சொன்னார், இந்த உபுண்டுல பேசுத வசதி கூடவே வருது, தனியா வாங்க வேண்டாம்னு."

செண்பகராஜின் குரல் தாழ்ந்துவிட்டது. "சரி அண்ணாச்சி... அதைப் பார்த்தே படிக்கலாம்லா? துண்டைக் கட்டினா கண்டதையும் அமுக்கத்தானே செய்வீங்க?"

கட்டை அவிழ்க்காமலே சோலைமுத்து சொன்னார்:

"கண்ணைத் தொறந்துக்கிட்டுப் படிச்சா, அவளுக்கு எப்படித் தம்பி சொல்லிக்குடுக்க?"