வாசலோரத்து இடம்

புஜைரா படகுத் துறையின் வாசலருகே, படகு கட்டும் முதல் இடத்தை விட்டு நகராமல் நிற்கிறார் வைத்தியநாதன். மகள் தாரிணியின் புதுப் பாய்மரப் படகில் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது; உள்ளே வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். “தாத்தா பேரு கடைசி மூலையில கிடக்கணுமாம்மா?” “அப்பா, கடல் வத்தி தண்ணி இறங்குறப்போ இங்க ஆழம் பத்தாது. பதினாறாம் நம்பர்தான் சேஃப். கொஞ்சம் நின்னு பாருங்க, அப்புறம் எந்த இடம்னு வாடகைச் சீட்டுல கையெழுத்துப் போடறேன்.” அவர் கைத்தடி மிதவைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. மாலை வெயிலில் கயிறுகள் முனகுகின்றன. தூண்களில் ஈரக்கோடு சாண் அளவு, முழ அளவு என்று வளர்கிறது. பக்கத்து இடத்து வெள்ளைப் படகின் அடி சேற்றில் தட்ட, அது மெல்ல ஒருபக்கமாய்ச் சாய்கிறது. மேல்தட்டிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை உருண்டு விழுகிறது. “பாருடா, பொழுது சாயறதுக்குள்ள படுத்துட்டாரு தொர!” என்று பலகை கழுவும் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அதன் பக்கவாட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படிக்க வைத்தியநாதனின் விறைத்த கழுத்தும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. அது யாருடைய தகப்பன் பெயரோ. சட்டென்று நிமிர்கிறார். “பதினாறு எந்தப் பக்கம்?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் முன்னே நடக்கிறார்.